மேடையை விட்டு இறங்காதவர்கள்

என் பெரியப்பா ஒருமுறை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "ஒருத்தர மெனக்கெட்டு நிக்க வச்சுட்டு, பொறவு நாம பாட்டுக்கு..." என்று தொடங்கி ஏதோ சொன்னார், அந்த நேரம் பார்த்து ரசம் வந்துவிட்டது, வாளிச் சத்தத்தில் மிச்சம் என் காதில் விழவில்லை. யாரைச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்பதும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது. பாதி வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மறுபாதியை நானே போட்டு முடித்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அது என்னைத் திட்டுவதாகவே முடிந்திருக்கிறது.

மஸ்கட்டில் பதினெட்டு வருடம் விசாவுக்கும் அடையாள அட்டைக்கும் முகங்களை நேராக நிமிர்த்தி வைத்துப் படமெடுத்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் தென்காசிக்குக் கிழக்கே இருக்கும் ஆவுடைப்பேட்டைக்கே திரும்பி வந்தேன். கடை போடவில்லை. ஒரு ஸ்கூட்டர், இரண்டு கேமரா, இரண்டு குடை விளக்கு. கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். காலையில் காதுகுத்து வீட்டில் மாமன் மடியில் அலறும் பிள்ளையை எடுத்துவிட்டு, பதினோரு மணிக்குச் செத்துப்போன கறவை மாட்டின் காதில் மஞ்சள் வில்லை தெரியும்படி இன்சூரன்ஸுக்கு ஒன்று எடுத்துவிட்டு, மத்தியானம் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு முன்னால் அதன் சொந்தக்காரரைச் சட்டை போட்டு நிற்கவைத்து ஒன்று எடுத்துவிட்டு, சாயங்காலம் பதினாறாம் நாள் போஸ்டருக்கு ரேஷன் கார்டிலிருந்து ஒரு கிழவரின் முகத்தைப் பிய்த்துப் பெரிதாக்கித் தருவேன். எட்டாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு பாளையங்கோட்டையில் இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. நயினார் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள்.

தை மாதம் சங்கரகோமதி மகாலில் ரைஸ்மில் திரவியம் வீட்டுக் கல்யாணம். திரவியத்தின் தம்பி செண்பகராமன் முகூர்த்தத்துக்கு முன்னால் என்னை மேடைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"அண்ணாச்சி, சொந்தம்னா நாலு வகையாத்தான் இருக்கும். எல்லாத்தையும் ஆல்பத்துல ஒட்ட முடியுமா? பெங்களூர்ச் சம்பந்தக்காரன் பொரட்டிப் பாக்கும்போது பீடி சுத்துறவுகளும் வடை சுடுறவுகளுமா வந்துக்கிட்டே இருந்தா எங்க அண்ணனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. மேடை ஏறுறவுகள எறங்குன்னும் சொல்ல முடியாது. நான் படிக்கட்டு ஓரமா நிப்பேன். துண்டு வலது தோள்ல கெடந்தா எடுங்க. இடது தோளுக்கு மாத்துனேன்னா வெளிச்சத்த மட்டும் அடிச்சு அனுப்பிருங்க. அவுகளுக்கும் சந்தோசம், நமக்கும் சந்தோசம்."

ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் என்றிருந்த காலத்தில் எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ரோல் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கைக்குள் இருக்கும் சின்ன ட்ரிக்கரை மட்டும் அழுத்தினால் இரண்டு குடை விளக்கும் பளிச்சிடும், கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு இரண்டு பாஷை தெரியும். சரியென்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு அந்தத் துண்டு இடது தோளுக்குப் போனபோதெல்லாம் மேடையில் நின்றவர்களைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரும் ஏறும்போதே சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, வேர்வையைத் துடைத்து, வயிற்றை உள்ளே இழுத்து, பொண்ணு மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒட்டியும் ஒட்டாமலும் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, "கொஞ்சம் சிரிங்க, இன்னும் ஒண்ணு எடுத்துக்கிடுவோம்" என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை வெளிச்சம் அடித்தேன்.

மறுநாள் காலை மண்டபம் கூட்ட வந்த இசக்கியம்மாள் மேடையில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தாள். கஞ்சி போட்ட மல் துணிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதைப்போல் நின்றார்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே இன்னொருவர், பீடி இலைக் கட்டுப்போல அடுக்கடுக்காக, யாரும் யாரையும் மறைக்காமல், நடுவில் பொண்ணு மாப்பிள்ளைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஒதுங்குங்க, கூட்டணும்" என்று சொன்னாள். ஒதுங்கவில்லை. அவர்கள் கால் வழியாகவே விளக்குமாற்றை ஓட்டிப் பூவையும் அட்சதையையும் அள்ளிக்கொண்டு போய், மேனேஜர் பரமகுருவிடம், "கல்யாண வீட்டாளுக கொஞ்சப் பேரு இன்னும் எறங்கல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

பரமகுரு எனக்குப் போன் போட்டான். "என்னவே, உம்ம ஆளுக பாதிப் பேரு மேடையிலயே நிக்கான். மத்தியானம் சடங்கு வீட்டுக்காரன் வாரான். நான் என்ன செய்ய?"

போய்ப் பார்த்தேன். யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

சடங்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுச் சடங்கை நடத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. அவரவர் வந்து தங்களைத் தாங்களே பார்த்துவிட்டுப் போனார்கள். சலூன் கணபதி தன் உருவத்தின் பிடரியைப் பார்த்து, நரைக்குப் போட்ட மை சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டு மைக் கம்பெனியை மாற்றினான். முறுக்கு விற்கும் ஆவுடைத்தங்கம் மேடைக்குப் பின்பக்கம் போய், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் முதுகைப் பார்த்து, ஜாக்கெட் அவ்வளவு கிழிந்திருந்ததா என்று கேட்டு அழுதாள், பிறகு தைத்துக்கொண்டாள். கிராம நிர்வாக அதிகாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதை எழுத எந்த ரிஜிஸ்டரிலும் இடமில்லை என்று போனார். பென்சன் வாங்கும் ஒரு பெரியவர், உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்ட அலுவலரிடம், "ஒண்ணுக்கு ரெண்டாவே இருக்கேன், வந்து பாத்துக்கிடுங்க" என்று சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் தாய்மார்கள் அந்த மேடையின் முன்னால் ஒரு கற்பூரம் ஏற்றினார்கள், எந்தப் பயனும் இல்லாமல்தான், ஆனாலும் ஏற்றினார்கள்.

ஆல்பம் வந்தபோதுதான் ஊருக்கு ஒன்று உறைத்தது. ஆல்பத்தில் இருக்கிறவர்கள் மேடையில் இல்லை. மேடையில் நிற்கிறவர்கள் ஆல்பத்தில் இல்லை. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம் என்னைத் தரையோடு தேய்த்தது. நல்ல மனசுக்காரர்களைக் கேமரா தாளில் ஒட்டவில்லையாம், மேடையிலேயே நிறுத்திக்கொண்டதாம். திரவியத்தின் பெண்சாதி பதினேழு பக்கத்தில் பட்டுச்சேலையோடு இருந்தும் மேடையில் ஒரு விரல்கூட இல்லையே என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கைராசி என்று பெயர் வந்தது. சுரண்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். "எங்க அம்மாவையும் அது மாதிரி நிப்பாட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடித்தார்கள். அவர்களையெல்லாம் நான் ஒழுங்காகப் படம் எடுத்தேன், ஒருவரும் மேடையில் நிற்கவில்லை, அதற்கும் அவர்கள் தங்கள் மனசைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள்.

மாசியில் செல்லையா செத்துப்போனார். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். தெருவில் நடந்து போகும்போதே எந்த வீட்டு மெஷினில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் அவர் மனைவி பேச்சித்தாய் என் வீட்டுக்கு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பீடி சுற்றுகிறவள், திரவியத்துக்குப் பெரியம்மா மகள் முறை.

"அண்ணாச்சி, அவுக மொகம் தெரியுத மாதிரி வீட்ல ஒரு படமில்ல. ஆதார்ல இருக்கது கரிக்கட்ட மாதிரி இருக்கு. எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்து நின்னோம்லா. நாங்க சேந்து நின்னு எடுத்தது வாழ்க்கையிலேயே அது ஒண்ணுதான். அதத் தந்தியள்னா சட்டம் போட்டு மாட்டுவேன்."

"ஹார்ட் டிஸ்க்ல கெடக்கும்க்கா. தேடித் தாரேன்" என்றேன்.

"தேடுங்க. அவசரமில்ல."

பத்து நாள் கழித்து வந்தாள். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மறுபடியும் வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டு, அவள் பார்க்கவே நாலைந்து கோப்புகளைத் திறந்து மூடிக் காட்டினேன். கல்யாணப் படங்கள் ஓடின; பட்டும் நகையுமாக வலது தோள்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். பொறுமையாகப் பார்த்தாள். "எல்லாரும் நல்லா இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வரவில்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு, மண்டபத்தில் விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்து, பீடித் தட்டோடு போய் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். மேடையில் செல்லையா ஒரு பக்கமும் அவள் உருவம் ஒரு பக்கமும் நடுவில் இரண்டு ஆள் இடைவெளியோடும் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இலையை வெட்டி, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டுவாள். பரமகுரு அவளுக்கு ஃபேனைப் போட்டுவிட்டான்.

சித்திரை பிறந்ததும் மண்டபத்தில் வரிசையாக விசேஷங்கள் வந்தன. ஒவ்வொரு விசேஷத்துக்கும் விளக்குகள் மின்ன மின்ன, மேடையில் நிற்கிறவர்கள் வெளுத்துக்கொண்டே வந்தார்கள். முதலில் கண்டவள் இசக்கியம்மாள்தான். "செல்லையா அண்ணாச்சி வேட்டிக் கரை போன வாரம் தெரிஞ்சுது, இப்பத் தெரியல" என்றாள். அடுத்த வாரம் அவர் செருப்பு தெரியவில்லை. முழங்கால் வரைக்கும் போனபோது, வைகாசி முதல் முகூர்த்தத்தில் ஆயிரம் பேர் வரும் கல்யாணம் ஒன்றைப் பரமகுரு எழுதி வைத்திருப்பது தெரிந்தது. படம் எடுக்க அவர்கள் கூப்பிட்டிருந்தது என்னைத்தான்.

அதற்குப் பத்து நாளுக்கு முன்னால், ஒரு காலையில், மண்டபத்தில் யாருமில்லாதபோது மேடைக்கு எதிரே நின்று, வடைக்கடை வன்னியப்பெருமாளின் உருவத்தை நோக்கிக் கேமராவைத் தூக்கி உண்மையாகவே எடுத்தேன். எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை போயிற்று. திரையில், தை மாதத்து அலங்காரத்தின் முன்னால், பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் வன்னியப்பெருமாள் முழுசாக, காலில் செருப்போடு நின்றார். மேடையில் அவருடைய உருவம் இழுத்துப் பிடித்திருந்த வயிற்றைத் தளர்த்தியது, பெருமூச்சு விட்டது, கழுத்தைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் பந்திக்கூடத்தின் பக்கம் நடந்து, கை கழுவும் தொட்டிக்கு அருகில் காணாமல் போயிற்று. நான்கு மாதமாக அவர்கள் அந்த ஒரு சொடுக்குக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

படத்தை அச்சடித்து வன்னியப்பெருமாளிடம் கொடுத்தேன். "டிஸ்க்ல கெடந்துச்சு" என்றேன்.

"இதப் போயித் தேடி எடுத்தியளா! வேற எவன்வே செய்வான்? ஏட்டி, அண்ணாச்சிக்கு நாலு வடை கட்டு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். வடை சூடாக இருந்தது. அவர் எதிரிலேயே நின்று இரண்டைத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

செண்பகராமனைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "பெறகென்ன, அண்ணாச்சி? ஒரு மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு எல்லாத்தையும் எடுத்துருங்க. டிஸ்க்ல கெடந்துச்சுன்னு ஆளுக்கொண்ணு குடுத்துருங்க. மேடையும் சுத்தமாயிரும், நாம எல்லாரும் நல்லவுகளாவும் இருந்துக்கிடலாம்."

அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதனாலேயே, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கேமராவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மூன்று மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பேச்சித்தாய் அன்றைக்கு இரண்டு மணிக்கே வந்திருந்தாள். மேடையில் செல்லையா இடுப்புக்கு மேலேதான் இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கெடச்சுதா?"

"இன்னும் தேடணும்க்கா. ரெண்டு மூணு டிஸ்க்கு..."

அவள் பீடியில் நூலைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். "அன்னைக்கு நாங்க பஸ்ஸுக்கு நடந்து போகையில அவுக ஒண்ணு சொன்னாக. 'ஏ பேச்சி, அவரு படம் எடுக்கல கேட்டியா. வெளிச்சந்தான் வந்துச்சு, மெஷின் ஓடல'ன்னாக."

தோளில் கிடந்த கேமராவைக் கையில் இறக்கிப் பிடித்தேன்.

"எனக்கு நம்பிக்க இல்ல. 'ரெண்டு வாட்டி அடிச்சாரே, சிரிங்கன்னு சொன்னாரே'ன்னேன். 'ரெண்டு வாட்டியும் ஓடல'ன்னாக. எனக்குக் கோவம் வந்துட்டு. 'தெரிஞ்சும் ஏன் பல்லக் காட்டிக்கிட்டு நின்னிய'ன்னு சத்தம் போட்டேன். 'அந்த மனுசன் மொகத்தப் பாத்தேன் பேச்சி. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா அவருக்குக் கேவலமாப் போயிரும்லா, அதான் நின்னேன்'னாக."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து புகையிலைத் தூள் கொஞ்சம் பறந்தது. அவள் கையால் மறைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு தடவ வந்து கேட்டீகளா, அக்கா?"

"ஆமா. நீங்க சொல்லுவீகளான்னு பாக்கத்தான் வந்தேன்." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "மூணு தடவையும் நல்லாத்தான் தேடுனீக."

மஸ்கட்டில் ஒரு நாளைக்கு முப்பது தடவை 'ஸாரி' சொல்லியிருப்பேன். லிஃப்டில் தோள் பட்டால் ஸாரி, மோவாயை நிமிர்த்தச் சொன்னால் ஸாரி. அந்தச் சொல் அப்போதும் முதலில் நாக்குக்கு வந்தது. அதை விழுங்கினேன். தமிழில் அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒரு சொல்லும் பழக்கத்தில் இல்லை. "எடுக்கலக்கா. செண்பகராமன் சொன்னாரு, நான் செஞ்சேன். அவரு சொல்லாம நானாத்தான் ரெண்டாவது வாட்டியும் அடிச்சேன்" என்றேன். துண்டைப் பற்றியும், வன்னியப்பெருமாள் இறங்கிப் போனதைப் பற்றியும், வடையைப் பற்றியும் சொன்னேன். இப்போது எடுத்தால் படம் வரும், மேடையில் நிற்கிற இரண்டு பேரும் போய்விடுவார்கள்; எடுக்காவிட்டால் நாளை மறுநாள் ஆயிரம் பேருக்கு அடிக்கும் வெளிச்சத்தில் படமும் இல்லாமல் போய்விடுவார்கள் என்றேன்.

அவள் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைக்கு ஏறினாள். செல்லையாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தப் பார்த்தாள். கை அதற்குள் போய் வந்தது. இரண்டாவது தடவையும் முயன்றுவிட்டு, பக்கத்தில் நின்ற தன் உருவத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தச் சேலைய நான் பெறவு கட்டவே இல்ல" என்றாள். பிறகு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடுங்க. மெஷின் ஓடுற சத்தம் அவுக காதுல விழணும்."

நான் கொண்டு வந்திருந்தது தை மாதக் கல்யாணத்துக்கு எடுத்துப் போன கேமரா இல்லை, சத்தம் போடாத வகையான இன்னொன்று. அதற்குள் தேடி, அணைத்து வைத்திருந்த ஒலியைப் போட்டேன். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவர்கள் இருவரையும் மட்டும் நோக்கி ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

காலியான மண்டபத்தில் அது நன்றாகக் கேட்டது. செல்லையாவின் உருவம் தலையைச் சற்றே சாய்த்தது, காது எங்கள் பக்கம் இருந்தது. பிறகு சிரிப்பை மெல்ல இறக்கி வைத்தார். அந்தப் பக்கம் நின்ற பேச்சித்தாயின் உருவம் இடைவெளியைக் கடந்து அவரிடம் வந்தது. இருவரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். அவருக்கு இடுப்புக்குக் கீழே தெரியாததால் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொரு படியாக இறங்கி, எங்களைத் தாண்டி, பந்திக்கூடத்துக்குள் போனார்கள்.

பேச்சித்தாய் எழுந்து போய் வாசல்வரை எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு இலை போடலயே, பாவம்" என்றாள். திரும்பி வந்து திரையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தாள். காலர் மடங்கித்தான் இருந்தது. முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்து என்னிடம் தந்துவிட்டு, தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த இலையை வெட்டினாள்.

மேடையில் இன்னும் நாற்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கேமராவைப் பைக்குள் வைத்தேன். நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்த நாற்பது பேர் வீட்டுக்கும் போய், அன்றைக்கு நான் படம் எடுக்கவில்லை, வெளிச்சம் மட்டும் அடித்தேன் என்று அவரவர் வாசலில் வைத்துச் சொல்வது என்றும், அவர்கள் வந்து எதிரே உட்கார்ந்த பிறகே எடுப்பது என்றும், முதலில் வன்னியப்பெருமாள் கடைக்குப் போவது என்றும் முடிவு செய்தேன்.